கன்சல்டிங் நேர்காணலில் ஆஃபர் யாருக்கு? முடிவு உருவாகும் விதம்

கொங்கு மண்டலத்துக் கல்லூரிகளில் வேலைவாய்ப்புப் பருவம் முடிந்ததும், ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களும் பெற்றோரும் ஒரே மாதிரியான கேள்விகளோடு நிற்கிறார்கள். கேட்ட கணக்குக்குச் சரியான விடை சொன்னவருக்கு ஆஃபர் வரவில்லை. நடுவில் தடுமாறியவருக்கு வந்திருக்கிறது. துறையிலேயே முதல் மதிப்பெண் எடுத்தவர் ஷார்ட்லிஸ்டிலேயே இல்லை. சிபாரிசு என்கிறார் ஒருவர், ஆங்கிலம் என்கிறார் இன்னொருவர், எல்லாம் நேரம் என்று முடித்துக்கொள்கிறார் மூன்றாமவர். கன்சல்டிங், அதாவது தொழில் ஆலோசனை நிறுவனங்கள் ஆளெடுப்பது, பொதுத்தேர்வு போல மதிப்பெண்ணைக் கூட்டித் தரவரிசை போடும் முறையில் அன்று. அந்த முறை என்ன, அதில் முடிவு எந்த இடத்தில் உருவாகிறது, எந்த இடத்தில் தவறிப்போகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

ஒரே பெயரில் மூன்று வேலைகள்

'கன்சல்டிங்' என்ற சொல் நம் கல்லூரிகளில் மூன்று வெவ்வேறு வேலைகளுக்கு வழங்குகிறது. இவற்றைப் பிரித்துக்கொள்ளாவிட்டால் பின்னால் சொல்லப்படும் எதுவும் விளங்காது.

1. உத்தி ஆலோசனை நிறுவனங்கள். மெக்கின்சி (1926), பாஸ்டன் கன்சல்டிங் குரூப் (1963), பெயின் (1973) ஆகிய மூன்றும் இதில் முன்னிற்பவை. ஒரு தொழில் எந்தச் சந்தையில் நுழைய வேண்டும், லாபம் ஏன் குறைகிறது, எந்தப் பிரிவை மூட வேண்டும் என்பன போன்ற கேள்விகளுக்கு விடை தேடித் தருவது இவற்றின் வேலை. எடுக்கும் ஆட்கள் மிகக் குறைவு.

2. டெலாய்ட், பிடபிள்யூசி, இஒய், கேபிஎம்ஜி ஆகிய நான்கு பெரிய நிறுவனங்கள். தணிக்கை, வரி, ஆலோசனை என்று பல பிரிவுகள் உண்டு. எந்தப் பிரிவுக்கு எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து நேர்காணல் மாறும்.

3. ஐடி சேவை நிறுவனங்கள். பதவியின் பெயரில் 'கன்சல்டன்ட்' என்று இருக்கலாம். தேர்வோ ஆப்டிடியூட் டெஸ்ட், கோடிங், தொழில்நுட்பக் கேள்விகள் என்று வேறு வழியில் போகும். பெருந்தொகையாக எடுப்பதால் இங்கே கட்-ஆஃப் மதிப்பெண்ணுக்கு உண்மையான வலிமை உண்டு.

மூன்றாம் வகையின் விதிகளை வைத்து முதல் வகையின் முடிவுகளைப் புரிந்துகொள்ள முயல்வதில்தான் பாதிக் குழப்பம் பிறக்கிறது. இந்தக் கட்டுரை முதல் வகையையும், இரண்டாம் வகையில் உத்தி சார்ந்த பிரிவுகளையும் பற்றியது.

நிறுவனம் எதற்கு அஞ்சுகிறது

ஆலோசனை நிறுவனத்துக்கு ஆலை கிடையாது, சரக்கு கிடையாது. தன் ஆட்களின் நேரத்தைத்தான் அது விற்கிறது. மேலே நிறுவனத்தின் உரிமையில் பங்குள்ள சில பார்ட்னர்கள், அவர்களுக்குக் கீழே மேலாளர்கள், அடியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்று கூம்பு வடிவில் அமைந்த அந்த அமைப்பில், கல்லூரியிலிருந்து வந்தவரும் சில வாரங்களிலேயே ஏதாவது ஒரு வாடிக்கையாளரின் அலுவலகத்தில் உட்கார வைக்கப்படுகிறார். அவருடைய நேரத்துக்கும் சேர்த்துத்தான் வாடிக்கையாளர் கட்டணம் கொடுக்கிறார். முப்பது வருடமாகத் தொழில் செய்யும் ஒருவர் முன்னால் இருபத்திரண்டு வயதுப் பிள்ளை பேசும் ஒரு தவறான வாக்கியம், பார்ட்னர் பல ஆண்டுகள் வளர்த்த உறவையே கெடுத்துவிடலாம்.

ஆகவே நிறுவனம் இரண்டு பிழைகளையும் சமமாகப் பார்ப்பதில்லை. தகுதியில்லாதவரை எடுத்துவிடுவது பெரிய நஷ்டம். தகுதியானவரைத் தவறவிடுவது சிறிய நஷ்டம். ஏனெனில் வாசலில் இன்னும் பலர் காத்திருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் 'வேண்டாம்' என்ற பக்கமே முடிவு சாய்வதற்கு இதுதான் காரணம். நிராகரிக்கப்பட்டவர்களில் கணிசமானவர்கள் அந்த வேலையை நன்றாகவே செய்யக்கூடியவர்கள் என்பதும் இதிலிருந்தே வெளிப்படும் உண்மை. நிறுவனங்களும் இதை அறிந்தே செய்கின்றன.

ஷார்ட்லிஸ்ட்: அதிகம் பேர் கழியும் இடம்

நேர்காணலைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். ஆனால் விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோர் நேர்காணல் அறையைப் பார்ப்பதே இல்லை.

முதல் சல்லடை கல்லூரியின் பெயர். நிறுவனங்கள் சில வளாகங்களைத் தேர்ந்துகொண்டு அங்கே மட்டும் நேரடியாகச் செல்கின்றன. இந்தியாவில் பெரும்பாலும் ஐஐஎம்கள், ஐஐடிகள், இன்னும் சில. கோவையிலோ பெருந்துறையிலோ படிக்கும் ஒருவருக்கு முதல் தடை அவருடைய திறமையோடு தொடர்பே இல்லாத இந்தப் பட்டியல்தான். பட்டியலுக்கு வெளியே இருப்பவர் இணைய விண்ணப்பம் வழியாகவோ, உள்ளே பணிபுரியும் ஒருவரின் பரிந்துரை வழியாகவோதான் வர வேண்டும். பரிந்துரை என்பது ஆஃபர் வாங்கித் தரும் சிபாரிசு அன்று. குவிந்து கிடக்கும் விண்ணப்பங்களில் ஒன்றை ஒருவர் எடுத்துப் படிப்பதை அது உறுதிசெய்யும். அதற்கு மேல் அதற்குப் பலமில்லை.

இரண்டாவது சல்லடை சுயவிவரம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு ஆகிய மூன்றிலும் சீரான மதிப்பெண் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அதோடு ஏதாவது ஒரு துறையில் மற்றவர்களிடமிருந்து எழுந்து நிற்கும் சாதனை வேண்டும். தேசிய அளவில் விளையாடியிருக்கலாம், ஒரு சிறு தொழிலை நடத்திக் காட்டியிருக்கலாம், ஆய்வுப் போட்டியில் வென்றிருக்கலாம். துறையில் முதல் மதிப்பெண் மட்டும் இருந்து மற்ற வரிகள் வெறுமையாக இருந்தால், படிப்பவர் அடுத்த தாளுக்குப் போய்விடுவார். சில நிறுவனங்கள் இதற்குப் பிறகு கணினி வழித் தேர்வு ஒன்றையும் வைக்கின்றன. மெக்கின்சி, விளையாட்டு வடிவிலான சோதனையைப் பயன்படுத்துகிறது.

கேஸ்: விடை எங்கே, மதிப்பீடு எங்கே

கேஸ் இன்டர்வியூ என்பது ஒரு தொழில் சிக்கலைக் கொடுத்து, அரை மணி நேரம் அளவுக்கு உரக்கச் சிந்திக்கச் சொல்வது. மெக்கின்சியில் பெரும்பாலும் கேட்பவரே அடுத்தடுத்த கேள்விகளால் வழிநடத்துவார். பாஸ்டன் கன்சல்டிங் குரூப், பெயின் இரண்டிலும் விண்ணப்பதாரரே வழியைத் தீர்மானிக்க வேண்டியிருக்கும். இந்த முறையில் எதை அளக்கிறார்கள் என்பதை ஒரு கற்பனைக் கேஸைக் கொண்டு பார்ப்பது நல்லது.

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம். சென்ற ஆண்டு 50 லட்சம் பீஸை, பீஸ் 200 ரூபாய் வீதம், 100 கோடி ரூபாய்க்கு விற்று 8 கோடி லாபம் பார்த்தது. இந்த ஆண்டு புதிய வெளிநாட்டு பையர் ஒருவர் சேர்ந்ததால், அதே விலைக்கு 57.5 லட்சம் பீஸ் விற்று, விற்பனை 115 கோடியாக உயர்ந்திருக்கிறது. லாபமோ 5 கோடியாகக் குறைந்துவிட்டது. ஏன்? என்ன செய்ய வேண்டும்?

சென்ற ஆண்டு ஒரு பீஸுக்கு லாபம் 16 ரூபாய். அதே செலவு நீடித்திருந்தால் 57.5 லட்சம் பீஸுக்கு 9.2 கோடி லாபம் வந்திருக்க வேண்டும். வந்தது 5 கோடி. ஆக, 4.2 கோடி எங்கோ போயிருக்கிறது. விண்ணப்பதாரர் நூல், நிட்டிங், சாயம், கட்டிங், தையல் கூலி, பேக்கிங், போக்குவரத்து என்று செலவை வரிசையாகப் பிரித்துக் கேட்கிறார். மற்ற எதுவும் மாறவில்லை, சில ஷிப்மென்ட்டுகள் மட்டும் தாமதமானதால் கப்பலுக்குப் பதில் விமானத்தில் அனுப்பப்பட்டன, அப்படி அனுப்பிய பீஸ் ஒன்றுக்கு 56 ரூபாய் கூடுதலாகக் கையிலிருந்து போனது என்று பதில் வருகிறது. 4.2 கோடியை 56 ஆல் வகுத்தால், விமானத்தில் போனது 7.5 லட்சம் பீஸ்.

முதல் மாணவர் இதுவரை பிழையில்லாமல் கணக்கிட்டு, "விமானச் செலவைக் குறைக்க வேண்டும்" என்று முடிக்கிறார். விடை சரி.

இரண்டாமவர் 7.5 லட்சத்தை முதலில் 75 ஆயிரம் என்று சொல்லிவிடுகிறார். உடனே நிறுத்தி, "75 ஆயிரத்தை 56 ஆல் பெருக்கினால் 42 லட்சம்தான் வருகிறது, எனவே எங்கோ ஒரு பூஜ்யம் விட்டிருக்கிறேன்" என்று தானே திருத்துகிறார். அதன் பிறகு, இந்த ஆண்டு கூடுதலாக விற்றதும் சரியாக 7.5 லட்சம் பீஸ்தான் என்பதைக் கவனிக்கிறார். அப்படியென்றால் விமானத்தில் போனது புதிய பையரின் ஆர்டராகவே இருக்க வாய்ப்பு அதிகம், அந்த ஆர்டரில் பீஸுக்கு 16 ரூபாய் சம்பாதித்து 56 ரூபாய் செலவழித்து, 40 ரூபாய் நஷ்டப்படுகிறார்கள், 7.5 லட்சம் பீஸுக்கு அது 3 கோடி. 8 கோடியிலிருந்து 3 போனால் 5 என்று கணக்கு முழுவதுமாக ஒட்டிவருகிறது என்று காட்டுகிறார். அடுத்து, தாமதம் சாம்பிள் ஒப்புதலிலா, சாயப்பட்டறையிலா, தையலிலா என்று கேட்கிறார். சாயப்பட்டறையில் என்றால், சாயக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தின் கொள்ளளவு முடிவான பிறகு சாயமேற்றும் அளவை நினைத்தபடி கூட்ட முடியாது. 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட காலத்தை வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இது யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே டெலிவரி கெடுவை நீட்டித்துக் கேளுங்கள், கிடைக்காவிட்டால் அடுத்த சீசனில் அந்த ஆர்டரை எடுக்காதீர்கள் என்று முதலாளிக்குச் சொல்கிறார்.

ஆஃபர் இரண்டாமவருக்கே போக வாய்ப்பு அதிகம். கேட்பவர் கையில் இருக்கும் மதிப்பீட்டுத் தாளில் 'விடை சரியா' என்ற ஒரு கட்டம் மட்டும் இருப்பதில்லை. நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர்கள் மாறினாலும், தாளில் இருக்கும் அம்சங்கள் ஏறத்தாழ இவைதான்:

1. சிக்கலை ஒன்றோடொன்று மோதாத, எதையும் விட்டுவிடாத பகுதிகளாகப் பிரிக்கத் தெரிகிறதா. மனப்பாடம் செய்த சட்டகத்தை எல்லாக் கேஸிலும் ஒட்டுகிறவர் இங்கே எளிதில் பிடிபடுவார்.

2. கணக்கில் நிதானம். ஒரு தவறு யாரையும் வீழ்த்தாது. தவறை உணராமல் அதன்மேல் அடுத்த மூன்று படிகளைக் கட்டுவது வீழ்த்தும்.

3. எண்ணிலிருந்து தொழிலுக்கு வருவது. கிடைத்த எண் முதலாளிக்கு என்ன சொல்கிறது என்று கேட்காமலே விடுபவர்கள்தான் மிக அதிகம். என் பார்வையில், நல்ல மாணவர்கள் தோற்கும் முதன்மையான இடம் இதுவே.

4. சொல்லும் தெளிவு: முடிவை முதலில் சொல்லி, காரணத்தைப் பின்னால் அடுக்குவது.

5. கேட்பவர் குறிப்புக் கொடுத்தால் அதைப் பிடித்துக்கொள்வது. மேலாளர் திருத்தினால் வளர்வாரா, முறைத்துக்கொள்வாரா என்பதற்கு இதுவே சாட்சி.

அனுபவக் கேள்விகள்

கேஸுக்கு முன்போ பின்போ, சொந்த அனுபவத்தைப் பற்றிய கேள்விகள் வரும். யாரையாவது மனம் மாற்றியது, ஒரு குழுவை வழிநடத்தியது, தடை வந்தும் விடாமல் முடித்தது போன்ற ஒரே நிகழ்வை எடுத்துக்கொண்டு பத்து, பதினைந்து நிமிடம் துருவுவார்கள். "அப்போது அவர் என்ன சொன்னார், நீங்கள் என்ன சொன்னீர்கள், ஏன் அப்படிச் சொன்னீர்கள்" என்று அடி அடியாகப் போகும்.

நம் பகுதி மாணவர்கள் இங்கே தங்களுடைய பலத்தைத் தாங்களே மறைத்துவிடுகிறார்கள். பல்லடத்தில் விசைத்தறி வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை ஒருவர், கல்லூரி விழாவுக்கு ஸ்பான்சர் பிடித்த கதையைச் சொல்வார். கூலி உயர்வுப் பேச்சு இழுத்துக்கொண்டு தறிகள் நின்றிருந்த நாட்களில், நெய்வதற்குப் பாவு நூல் கொடுக்கும் ஜவுளி உற்பத்தியாளரிடம் அப்பாவோடு போய் உட்கார்ந்து, மின்கட்டணக் கணக்கை எழுதிக்காட்டி ஒரு மீட்டர் துணிக்கு எவ்வளவு கூலி வந்தால் கட்டுப்படியாகும் என்று தானே பேசியதை, அது வீட்டுச் சமாச்சாரம் என்று விட்டுவிடுவார். கேட்பவர் தேடுவது இரண்டாவது கதையைத்தான். அதில் எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு வேறு நலன் இருந்தது, எண் இருந்தது, தோற்றால் இழப்பு இருந்தது, பேசியவரின் சொந்த முடிவு இருந்தது. விழாக் கதையைத் துருவினால் இரண்டாவது கேள்வியிலேயே அடி தெரிந்துவிடும்.

முடிவுக் கூட்டம்

வெளியாட்கள் பார்க்காத பகுதி இது. வழக்கமான நடைமுறை பின்வருமாறு அமைகிறது.

1. முதல் சுற்றில் பொதுவாக இரண்டு நேர்காணல்கள். மேலாளர் நிலையில் இருப்பவர்கள் நடத்துவார்கள். இறுதிச் சுற்றில் பார்ட்னர்கள். ஒவ்வொருவரும் மற்றவரிடம் பேசுவதற்கு முன்பே தம் மதிப்பீட்டையும் 'எடுக்கலாம், வேண்டாம்' என்ற பரிந்துரையையும் எழுதிவிட வேண்டும் என்பது நல்ல நடைமுறை. மூத்தவர் சொன்னதற்கு இளையவர் தலையாட்டுவதை இது ஓரளவு தடுக்கிறது.

2. முதல் சுற்றின் குறிப்புகள் இறுதிச் சுற்றுக்குக் கைமாறும். கணக்கில் தடுமாறினார் என்று ஒருவர் எழுதியிருந்தால், பார்ட்னர் அதையே சோதிக்கும் கேஸைக் கொடுக்கலாம். முதல் சுற்று முடிந்ததும் தொலைபேசியில் சொல்லப்படும் "இன்னும் கொஞ்சம் ஒழுங்காக அடுக்கிச் சொல்லுங்கள்" என்பது போன்ற குறிப்பை உபசார வார்த்தையாக எடுத்துக்கொள்பவர் பெரிதும் இழக்கிறார்.

3. எல்லாரும் கூடி ஒவ்வொரு பெயராக எடுத்துப் பேசுவார்கள். எல்லா மதிப்பீடுகளும் உயர்ந்திருந்தால் பேச்சே இல்லை. எல்லாம் தாழ்ந்திருந்தாலும் அப்படியே. நேரமெல்லாம் நடுவில் இருப்பவர்களுக்குத்தான் செலவாகிறது.

4. நடுவில் இருப்பவர்களிலும் இரண்டு வகை உண்டு. ஒருவருக்கு எல்லாரும் "பரவாயில்லை" என்று எழுதியிருக்கிறார்கள். இன்னொருவருக்கு ஒருவர் "மிக நன்று" என்றும், மற்றவர் "எனக்கு ஐயம் இருக்கிறது" என்றும் எழுதியிருக்கிறார்கள். கூட்டல் கணக்கில் இருவரும் சமம். கூட்டத்தில் முதலாமவருக்காக யாரும் வாய் திறப்பதில்லை. இரண்டாமவருக்காக ஒருவர் குறிப்புகளைப் புரட்டி, "அந்த 7.5 லட்சத்தை இவர் எப்படி இணைத்தார் தெரியுமா" என்று வாதாடுகிறார். எதிர்ப்புச் சொன்னவரிடம் "நீங்கள் பார்த்தது ஒரு கணம் தடுமாறியதையா, அடிப்படையிலேயே குறையையா" என்று கேட்கிறார்கள். நேர்காணல் செய்த இருவரும் ஒரே குறையைத் தனித்தனியே பார்த்திருந்தால் அது நிலைத்த குறை. ஒருவர் மட்டும் பார்த்திருந்தால் அன்றைய தடுமாற்றமாக இருக்கலாம். ஆஃபர் என்பது பெரும்பாலும் இந்த வாதத்தின் முடிவுதான்.

5. கடைசியில் ஒரு கேள்வி வரும்: "அடுத்த புராஜெக்டில் இவரை உங்கள் டீமில் எடுத்துக்கொள்வீர்களா?" எடுத்துக்கொள்வேன் என்று ஒருவராவது உறுதியாகச் சொல்லாதவர் பட்டியலிலிருந்து நழுவிவிடுவார்.

இத்தனை இடங்கள் என்ற ஒதுக்கீடு இல்லை, தகுதியின் கோட்டைத் தாண்டிய எல்லாருக்கும் ஆஃபர் உண்டு என்று நிறுவனங்கள் சொல்வதுண்டு. கொள்கையளவில் அது சரி. நடைமுறையில் அந்தக் கோடே தொழில் நிலவரத்தோடு ஏறி இறங்குகிறது. 2023இல் தேவை குறைந்தபோது, பெரிய நிறுவனங்கள் சில, ஆஃபர் பெற்றவர்களின் சேரும் தேதியையே தள்ளிவைத்தன. அத்தகைய ஆண்டில், வேறோர் ஆண்டில் உள்ளே வந்திருக்கக்கூடியவர்கள் வெளியே நிற்பார்கள்.

வளாகத்தில் நடக்கும்போது இவையெல்லாம் சில மணி நேரத்துக்குள் சுருங்கிவிடும். ஐஐஎம்களில் ஆலோசனை நிறுவனங்கள் தொடக்கத்திலேயே வருகின்றன; ஒரே மாணவரைப் பல நிறுவனங்கள் அழைத்திருக்கும். போட்டி நிறுவனம் ஆஃபர் கொடுத்துவிடும் என்று தெரிந்தால், அடுத்த சுற்றை முன்னதாக நடத்தி அங்கேயே முடிவு சொல்வார்கள். நாங்கள் கொடுத்தால் சேர்வீர்களா என்று கேட்பதும் அதனால்தான்.

முறை தவறிப்போகும் இடம்

எல்லாரிடமும் ஒரே வகைக் கேள்விகளைக் கேட்டு, ஒரே அளவுகோலில் எழுதிவைத்து மதிப்பிடும் கட்டமைந்த நேர்காணல், மற்ற தேர்வு முறைகளைவிட வேலைத்திறனைச் சிறப்பாக முன்னறிவிக்கிறது என்று ஆளெடுப்பு ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. கேஸ் முறையின் நியாயம் இதில் இருக்கிறது. ஆனால் "நம்மோடு ஒத்துப்போவாரா" என்ற கேள்விக்கு அப்படிப்பட்ட அளவுகோல் இல்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் லாரன் ரிவேரா, ஆலோசனை, முதலீட்டு வங்கி, சட்டம் ஆகிய துறைகளின் உயர்மட்ட நிறுவனங்களில் ஆளெடுப்பவர்கள் 120 பேரிடம் பேசி 2012இல் வெளியிட்ட ஆய்வு, தம்மைப் போன்ற பொழுதுபோக்கும் வளர்ப்பும் பேச்சுப் பாணியும் உடையவர்கள் பக்கம் அவர்கள் சாய்வதை விரிவாகக் காட்டியது.

அது அமெரிக்க ஆய்வு. இங்கே அதே சாய்வு வேறு வடிவில் வரும் என்று கருத எனக்குக் காரணம் இருக்கிறது. பெருநகர ஆங்கிலப் பள்ளியில் படித்தவரின் சரளம் 'தன்னம்பிக்கை' என்று பதிவாகிறது. கோபிச்செட்டிபாளையத்தில் தமிழ் வழியில் படித்தவர், ஒரு வாக்கியத்தை மனதில் அமைத்துப் பேச எடுக்கும் இரண்டு விநாடி 'தயக்கம்' என்று பதிவாகிறது. வாடிக்கையாளர் முன் தெளிவாகப் பேசுவது இந்த வேலையின் நியாயமான தேவை. உச்சரிப்பு அதில் சேராது. இரண்டையும் ஒன்றாக எண்ணும் மதிப்பீட்டாளர், நிறுவனத்துக்கே நஷ்டம் செய்கிறார்.

இங்கிருந்து முயல்பவர்களுக்கு

1. தயாரிப்பு நேரத்தை ஷார்ட்லிஸ்டுக்குத் திருப்புங்கள். சுயவிவரத்தின் ஒவ்வொரு வரியிலும் செய்த செயலும் விளைந்த எண்ணும் இருக்கட்டும். குடும்பத் தொழிலில் உண்மையாகப் பொறுப்பேற்றிருந்தால் அதை எழுதுங்கள்.

2. கேஸைப் புத்தகத்தில் படிப்பதைவிட, எதிரே ஒருவரை உட்கார வைத்து உரக்கச் செய்வது பலன் தரும். நாமக்கல் கோழிப் பண்ணை, சேலம் சேகோ ஆலை, கோவை பம்ப் தொழிற்சாலை, கரூர் வீட்டுஜவுளி என்று பயிற்சிக்கான கேஸ்கள் சுற்றிலும் இருக்கின்றன. உரிமையாளரிடம் போய் ஒரு பொருளின் அடக்கவிலையைக் கேட்டு எழுதிப் பாருங்கள்.

3. "உள்ளே ஆள் இருக்கிறது, ஆஃபர் வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள். இந்த நிறுவனங்கள் எந்தக் கட்டத்திலும் விண்ணப்பதாரரிடம் கட்டணம் வாங்குவதில்லை. பலர் கூடி எடுக்கும் முடிவை வெளியிலிருந்து ஒருவர் விற்கவும் முடியாது.

4. நிராகரிப்பு வந்தால், எந்த அம்சத்தில் ஐயம் எழுந்தது என்று மரியாதையாகக் கேளுங்கள். இறுதிச் சுற்றுவரை போனவர்களுக்குப் பெரும்பாலும் பதில் கிடைக்கும். மறுபடி விண்ணப்பிக்க வழக்கமாக ஓராண்டு முதல் இரண்டு ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். பழைய மதிப்பீடுகளை நிறுவனங்கள் பதிவில் வைத்திருக்கும் என்பதால், முன்பு குறை என்று எழுதப்பட்ட அம்சத்தை அடுத்த முறை முதலில் தொட்டுப் பார்ப்பார்கள் என்று எண்ணியே தயாராக வேண்டும்.